இன்னைக்கு மிஸஸ் தாமஸுக்கு என்ன சீக்கு

எதிர்த்த வீட்டுல டைல்ஸ் அறுக்குத மெஷின் நின்ன பாடில்ல. அது நின்னாத்தான் ரெக்கார்ட் பண்ண முடியும், பண்ணி அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும், அஞ்சுக்கு மேல போச்சுன்னா போன்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குத ஷைனி மிஸ் காதுல வாங்க மாட்டாவ, அது அவிய சட்டம். கோட்டயத்துல உக்காந்துகிட்டு இத்தனை ஊரு நர்ஸுமாரு பேசுத இங்கிலீஷை ஒவ்வொண்ணா கேக்கதுன்னா சும்மாவா, நானா இருந்தா முதல் ஆளோடயே போனைத் தூக்கிப் போட்டிருப்பேன். காலையில வாட்ஸப்புல அஞ்சு வார்த்தை வரும். வார்த்தைன்னா ஒத்தை வார்த்தை இல்ல, கிவ் அப், லுக் ஆஃப்டர்னு சோடி சோடியா வருமே, அது. அதை வச்சு அவங்கவங்க வீட்டுல அன்னைக்கு நடந்ததை வாக்கியமா எழுதணும், புஸ்தகத்துல உள்ளதை எடுத்து எழுதப்பிடாது. சாயந்திரம் ஒரு நோயாளிகூடப் பேசுத மாதிரி பேசி, அதே வார்த்தைகளைப் போட்டு, குரலைப் பதிஞ்சு அனுப்பணும். பரீட்சையில இதுக்குத்தான் மார்க்கு, இதுல பாஸானாத்தான் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரன் திரும்பிப் பாப்பான். நோயாளிக்கு ஆளு அவங்கவங்க வீட்டுலயே பாத்துக்கிடணும்னு மிஸ் சொல்லிட்டாவ. என் வீட்டுல நோயாளிக்கு எங்க போக, அம்மா இருக்கா. அன்னைக்கு நோயாளிக்கு இன்ன சீக்குன்னு மிஸ் போன்ல ஒரு அட்டை அனுப்புவாவ, அதுல நோயாளி பேரு எப்பவும் மிஸஸ் தாமஸ். எங்க அம்மா பேரு ரத்னபாய், எந்தத் தாமஸையும் அவளுக்குத் தெரியாது, ஆனா அந்தப் பேரு அவளுக்குப் பிடிச்சுப் போச்சு. மிஸஸ் தாமஸுக்கு ஆஸ்துமா வந்துது, சுகர் வந்துது, குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுது, எல்லாத்தையும் அம்மா கட்டில்ல இருந்தபடியே அனுபவிச்சு நடிச்சா. அவளுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் யெஸ் சிஸ்டர், நோ சிஸ்டர், கடைசியில ஒரு தேங்க்யூ சிஸ்டர். அந்தத் தேங்க்யூவைச் சொல்லி முடிச்சதும் "நான் சொன்னாத்தானட்டி உனக்கு மார்க்கு"ன்னு தலையணையில சாஞ்சுக்கிடுவா. இப்பமும் மெஷின் சத்தத்துக்கு மேல குரலை ஒசத்தி, "ஏட்டி எப்சி, இன்னைக்கு எனக்கு என்ன சீக்கு"ன்னு கேட்டா. நான் கேக்காத மாதிரி துணி மடிச்சுக்கிட்டு நின்னேன்.

இன்னைக்கு உள்ள அட்டையைக் காலையில டூட்டி முடிஞ்சு பஸ்ஸுல வரும்போதே பாத்துட்டேன். பாத்துட்டுப் போனைக் கவுத்தி மடியில வச்சேன், பாளையங்கோட்டை மார்க்கெட் வந்தது கூடத் தெரியல, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்ட்டு வெயில்ல திரும்பி நடந்தேன். முதல் வார்த்தையே கம் பேக். திரும்பி வாரது. தம்பி காட்வின் மெட்ராஸுலேருந்து வந்தாலும் கம் பேக், போன கரண்ட் வந்தாலும் கம் பேக், வெட்டி எடுத்த கட்டி மறுபடியும் வந்தாலும் அதே கம் பேக்தான். வெள்ளைக்காரன் ஒரு வார்த்தைக்குச் சின்னதா ஒரு வாலை ஒட்டவச்சு விட்டுருதான், அது ஆளையே வேற பக்கம் கொண்டு போயிருது. லுக் ஆஃப்டர்னா கவனிச்சுக்கிடுதது, அதுக்கு ஐ லுக் ஆஃப்டர் மை மதர்னு எழுதினேன், மிஸ் குட் போட்டாவ. ப்ரேக் டௌன்னா பழுதாகி நிக்கது, மிக்ஸிக்கும் அதே வார்த்தை, மனசு ஒடைஞ்சு அழுத மனுசிக்கும் அதே வார்த்தையாம், நான் மிக்ஸியையே எழுதி வச்சேன். ரன் அவுட் ஆஃப்னா தீந்துபோறது. வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்னு எழுதினேன், டப்பா நிறையச் சீனி இருந்துது. தீந்துகிட்டு இருக்கது வேற, அதை எழுதவா முடியும். பாஸ் அவேன்னா கடந்துபோறது, அது வந்த அன்னைக்கு அடுத்த தெருவுல செத்த வாத்தியாரை எழுதினேன். நம்ம பேச்சுல மட்டும் என்ன வாழுதாம், செத்துப்போனாருன்னு சொல்லுதோம், செத்தவரு எங்க போனாரு. எங்க சபையில அதையும் சொல்ல மாட்டோம், கர்த்தருக்குள் நித்திரையானார்னு போஸ்டர் ஒட்டுவோம். வார்டுல எக்ஸ்பயரின்னு சொல்லுவோம், மருந்து பாட்டில் அடியில அடிச்சிருக்குமே அதே வார்த்தை. ஆகமொத்தம் எல்லாருக்கும் ஒண்ணைச் சொல்லாம இருக்க ஒரு வார்த்தை வேணும். நெசமா நான் எழுதினது ஒண்ணே ஒண்ணுதான். புட் ஆஃப்னா தள்ளிப்போடுதது. மை மதர் புட்ஸ் ஆஃப் ஹெர் விசிட் டு ஹெர் சிஸ்டர். என் அம்மா அவ அக்காவைப் பாக்கப் போறதைத் தள்ளிப்போடுதா. அதை எழுதி அனுப்பிட்டு, யாராவது ஏன்னு கேப்பாவன்னு நினைச்சேன். இஸ் புட்டிங் ஆஃப்னு வரணும்னு சிவப்புல திருத்தி மிஸ் அனுப்பினாவ.

அம்மா வயித்துக் கட்டி திரும்பி வந்துட்டுன்னு டாக்டர் சொன்னது நான் வேலை பாக்குத ஆஸ்பத்திரியிலேயேதான். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு, எனக்கு அவரு சொல்ல வேண்டியதே இல்ல, கண்ணு இருக்குல்லா. லிப்டு பக்கத்துல நின்னுக்கிட்டு, "லிவர்ல முழுக்கப் பரவிட்டு, இனி கத்தி வச்சுப் பிரயோஜனம் இல்ல, மருந்தை இந்த உடம்பு தாங்காது, வீட்டுல வச்சு நல்லபடியாப் பாத்துக்கிடுங்க, உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்"னாரு. உங்களுக்குத் தெரியாததா, உங்களுக்குத் தெரியாததா, ஆளாளுக்கு இதையே சொல்லுதாவ. தெரிஞ்சா என்ன, தெரிஞ்சவளுக்கு வலிக்காதா. அந்தப் பக்கம் இரும்பு பெஞ்சில அம்மா டோக்கனைப் பத்திரமாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, பக்கத்துல இருந்தவகிட்ட என் மகதான் இங்க சிஸ்டருன்னு சொல்லிக்கிட்டிருந்தா. காட்வின் போன்லயே அழுதான். தம்பிதான், ஆனா அம்மா விஷயத்துல அவன்தான் மூத்தவன் மாதிரி. "அம்மாட்ட சொன்னா அன்னைக்கே போயிருவா, நீ நர்ஸு, உனக்கு எல்லாம் கேஸு, வாய் தவறிச் சொல்லிருவ, அம்மா மேல சத்தியம் பண்ணு"ன்னான். வேதத்துல சத்தியம் பண்ணாதேன்னு இருக்குடான்னேன். அழுதுக்கிட்டே இருந்தான். பண்ணினேன். எந்த அம்மாட்ட பொய் சொல்லணுமோ அந்த அம்மா மேலயே சத்தியம். அன்னையிலேருந்து அம்மாவுக்கு அல்சர். ரெண்டு வருஷத்துக்கு முன்ன வயித்தைக் கீறி எடுத்ததும் அல்சர் கட்டி, இப்ப சாப்பாடு இறங்காததும் அல்சர், முதுகு வலிக்கதும் அல்சர். வீட்டுக்கு வாரவங்க எல்லாம் அம்மாவை நடுவுல வச்சுக்கிட்டு செகண்டரிஸாம்லா, டெர்மினலாம்லான்னு, பரவிட்டா, முடியப்போகுதாங்கதை என்கிட்ட இங்கிலீஷ்ல கேப்பாவ. இங்கிலீஷ்ல பேசினா அவளுக்கு எதுவும் புரியாதுன்னு நினைப்பு. முகம் எந்த பாஷை பேசுதுன்னு எவளும் யோசிக்கலை. அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே ஒவ்வொருத்தி முகமாப் பாத்துட்டு, "காப்பி குடிக்கியளா"ன்னு கேப்பா. இதுக்கு நடுவுல பரீட்சைக்குத் தேதி குறிக்கணும். போன்ல காலண்டர் மாசம் மாசமா வருது, ஒரு மாசத்துல விரலை வைக்கும்போதே அந்த மாசம் அம்மா இருப்பாளான்னு மனசு கேக்கு. இருந்தா விட்டுட்டுப் போக முடியாது. போக முடியும்னா, அப்ப என்ன அர்த்தம். அந்த வாக்கியத்தை நான் இதுவரைக்கும் முடிச்சதில்ல, தேதியும் குறிக்கல.

"சொல்லேன், என்ன சீக்கு"ன்னு மறுபடியும் கேட்டா. "மெஷின் நிக்கட்டும், சொல்லுதேன்"னேன். கண்ணு மஞ்சளாத்தான் இருக்கு. ரெண்டு நாளாப் பாக்கேன், வெள்ளை முழி ஓரத்துல லேசா ஆரம்பிச்சு இன்னைக்கு நல்லாவே தெரியுது. காலையில கண்ணாடியைப் பாத்துட்டு "கண்ணு ஒரு மாதிரி இருக்கோ"ன்னா. ஜன்னல் திரைச்சீலை மஞ்சள்லா அதாம்னேன். அதுக்கு அவ, "திரைச்சீலையைத் துவைக்கணும்"னா. இன்னும் ரெண்டு வாரம் போனா எழும்பி நடக்க மாட்டா, பெறகு பேச்சுக் குழறும், பெறகு ஆள் தெரியாது, இதெல்லாம் நான் எத்தனை கட்டில்ல பாத்திருக்கேன், வரிசை மாறாது. அதுக்குள்ள மெஞ்ஞானபுரத்துக்குப் பெரியம்மாவைப் பாக்கப் போகணும். போகணும்னு நான்தான் நினைக்கேன், அவ நினைக்கல, அவளுக்குத்தான் அல்சராச்சே, அல்சர்னா ஆறும், ஆறினபெறகு போவா. அப்பா அடக்கத்து அன்னைக்குப் பெரியம்மா வந்து சேரும்போது பெட்டியை மூடியாச்சு. பஸ் வழியில நின்னுபோச்சாம், வேர்த்து விறுவிறுத்து மாலையும் கையுமா வந்தா. பெட்டியை மூடினபெறகு திறக்கது எங்க பக்கத்துல கிடையாது. அம்மா அத்தனை சனத்துக்கு முன்னால, "மூடின பெட்டியைப் பாக்கவா வந்த"ன்னு கேட்டா. ஒரே ஒரு கேள்வி. பெரியம்மா மாலையை வாசக் கேட்டுல மாட்டிட்டு வந்த வழியே போயிட்டா. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப பெரியம்மா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தா, பாக்குத நேரம் முடிஞ்சுட்டுன்னு சொல்லுன்னு அம்மா என்னை அனுப்பினா, நானும் போய்ச் சொன்னேன். இந்தக் கிறிஸ்மஸ்ல இருந்து அம்மாவுக்கு மனசு இளகிட்டு. "நான் சொன்னது தப்புத்தானட்டி, அவ முகத்தைப் பாத்துச் சொல்லிரணும்"பா. "போவமா"ன்னு நான் கேட்டா, "சீக்காளியாப் போயி அவ வாசல்ல நிக்கச் சொல்லுதியா, பாவம்னு உள்ள கூப்பிடுவா, அது எனக்கு வேண்டாம், சொகமானபெறகு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போவேன், தப்பு செஞ்சவ நடந்துதான் போகணும்"பா. பெரியம்மாவை இங்க கூப்பிடுவோம்னேன். "கூப்பிட்டா நான் பேச மாட்டேன்"னுட்டா. இதுக்கு என்ன செய்ய. சொகமாக மாட்டம்மான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கே கிளம்பிருவா, எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியாச்சு. காட்வினுக்கு அக்கா தங்கச்சி சண்டை பெருசாத் தெரியல. "அம்மா நிம்மதியாப் போகட்டும், பழைய கதையை எதுக்குக் கிண்டுத"ங்கான்.

அட்டையைத் திரும்பவும் பாத்தேன். மிஸஸ் தாமஸுக்கு வயசு அறுபத்திநாலு, ஒருவாட்டி ஆபரேஷன் ஆனவ, நோய் திரும்பி வந்துட்டு, குணமாக்க வழி இல்ல, நர்ஸ் அதை மறைக்காமச் சொல்லணும், சொல்லிட்டு இனி என்ன செய்யணும்னு ஆசைப்படுதீங்கன்னு கேக்கணும். கீழ மிஸ் தனியா ஒரு வரி எழுதியிருக்காவ, நின்னுக்கிட்டுச் சொல்லாதீங்க, பக்கத்துல உக்காந்து, கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. உக்காந்தா என்ன, நின்னா என்ன, குரல்தான பதியுதுன்னு நினைச்சேன், ஆனா அதுவும் குரல்ல தெரியுமாம். தெரியும்தான். வார்டுல நான் பாத்திருக்கேன்ல்லா. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நின்னுகிட்டே பேசிட்டுப் போனார்னா வீட்டாளுக மூச்சு விடுவாவ. ஸ்டூலை இழுத்துப் போட்டார்னா போச்சு, வாயைத் திறக்குததுக்கு முந்தி அவங்க கையைப் பிசைய ஆரம்பிச்சிருவாவ. அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. அம்மா இன்னமும் அதைச் சொல்லுவா. அந்தக் கிட்னி டாக்டர் தெனமும் கால்மாட்டுல நின்னு பைலைப் பாத்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போறவரு, அன்னைக்கு அம்மா பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தாராம். "அந்த மனுசன் உக்காந்தாரு, நான் எந்திரிச்சிட்டேன்"பா. அவ்வளவுதான் அந்தக் கதை, அதுக்கு மேல சொல்ல மாட்டா. நான் என்னத்துக்கு இந்த அட்டையை எடுக்கணும். பழைய ஆஸ்துமா அட்டையையே திரும்பப் பேசி அனுப்பினா மிஸ் கண்டுபிடிக்கவா போறாவ, கண்டுபிடிச்சாத்தான் என்ன, ஒரு நாள் மார்க்கு போகும். இல்லன்னா பக்கத்து வீட்டு மெர்சி அக்காவை மிஸஸ் தாமஸாக்கலாம். அம்மா விடுவாளா, என் வேலையை அவளுக்குக் குடுத்துட்டியான்னு சண்டைக்கு வருவா. காலையில இருந்து என் புத்தி வேற ஒண்ணையும் சொல்லிக்கிட்டே இருக்கு. இங்கிலீஷ்ல சொன்னா சொன்னதாகாதுல்லா. சத்தியம் தமிழ்ல பண்ணினது. அவ முகத்தைப் பாத்து ஒரு தடவை நெசத்தைச் சொல்லிரலாம், அவ புரியாம தேங்க்யூ சிஸ்டர்ன்னு சொல்லுவா, என் நெஞ்சுல உள்ளது இறங்கிரும், யாருக்கும் நஷ்டம் இல்ல. அவளுக்கு அதனால ஒரு லாபமும் இல்ல, மெஞ்ஞானபுரம் அங்கேயேதான் இருக்கும், அவ இங்கேயே மஞ்சளாகிக்கிட்டு இருப்பா. எனக்கு மட்டும் பாரம் இறங்கும். அப்படி ஒரு காரியத்துக்கு நான் நிக்கேன், கேவலமாத்தான் இருக்கு. ஆனாலும் துணி மடிக்கது பூரா எனக்குள்ள அந்த முதல் வரியைச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

மெஷின் நின்னுட்டு. டீ குடிக்கப் போறானுக போல, யாரோ வாளியை நங்குன்னு வச்சான், பெறகு சத்தமே இல்ல. இப்பம் இல்லன்னா இல்ல. போனை அம்மா தலைமாட்டு ஸ்டாண்டுல சாச்சு வச்சு சிவப்புப் புள்ளியை அமுக்கினேன். அம்மா உடனே சேலையை இழுத்துவிட்டு நிமிந்து உக்காந்தா, போட்டோ எடுக்கேனா, குரல் மட்டும்தான்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டா. "சீக்கைச் சொல்லலியே"ன்னு உதட்டை மட்டும் அசைச்சா, இருமணுமா முனங்கணுமான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா. நான் பிளாஸ்டிக் சேரை இழுத்துக் கட்டில் பக்கத்துல போட்டு உக்காந்தேன். ராத்திரி பூரா நின்ன காலு, உக்காந்ததும் விண்ணுன்னு தெறிச்சுது. மிஸஸ் தாமஸ்னு ஆரம்பிச்சேன். ஐ ஆம் அஃப்ரெய்ட் தி இல்னெஸ் ஹேஸ் கம் பேக். கெட்ட சேதிக்கு முன்னால எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லணும், அது அவிய மரியாதை. நான் மரியாதைக்குச் சொல்லல. அம்மா என் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா. இட் ஹேஸ் ஸ்ப்ரெட், வீ கான்ட் டேக் இட் அவுட் திஸ் டைம். பரவிட்டும்மா, இந்தத் தடவை எடுக்க முடியாதும்மா. நான் இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல உள்ள ஒருத்தி தமிழ்ல சொல்லிக்கிட்டே வாரா, அவ வாயை யாரு அடைக்க. நானே எதிர்பாக்கல, குரல் நல்லாத்தான் வந்துது, வார்டுல வாரது மாதிரி தெளிவா, நிதானமா, இதுக்கு மிஸ் முழு மார்க்கு போடுவாவன்னு கூட ஒரு நினைப்பு ஓடிச்சு, அந்த நினைப்பு ஓடினதுக்கு என்னையே அறையணும் போல இருந்துது. வீ வில் லுக் ஆஃப்டர் யூ. நாங்க பாத்துக்கிடுவோம். யூ வோன்ட் கோ த்ரூ திஸ் அலோன். தனியா இதைத் தாண்ட விடமாட்டோம். பொய், அதைத் தனியாத்தான் தாண்டணும், எல்லாரும் கட்டிலைச் சுத்தி நின்னாலும். ப்ளீஸ் டோன்ட் புட் எனிதிங் ஆஃப். எதையும் தள்ளிப்போடாதீங்க. கடைசிக் கேள்வி ஒண்ணுதான் பாக்கி. வாட் வுட் யூ லைக் டு டூன்னு கேட்டு, மிஸஸ் தாமஸ்னு முடிக்கணும். அம்மான்னு முடிச்சிட்டேன்.

அம்மா யெஸ் சிஸ்டர் சொல்லல. ஒரு இடத்துலயும் சொல்லல, அதையே நான் அப்பத்தான் கவனிச்சேன். முனங்கல இருமல, கையை மடியில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. தேங்க்யூ சொல்லும்மான்னு கண்ணைக் காட்டினேன். "ஏன் உக்காந்துட்ட"ன்னா. "கால் வலிக்கும்மா"ன்னேன். "கால் தெனமும்தான வலிக்கும். நீ துணி மடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டுத்தான எனக்கு ஆஸ்துமா சொன்ன. இடுப்பு ஒடிஞ்சதை அடுப்படியில இருந்து சொன்ன." நான் தரையைப் பாத்தேன். சிமெண்ட் தரையில ஒரு தலைமுடி கிடந்துது, குனிஞ்சு எடுத்தேன். "அல்சர் இல்ல, என்ன"ன்னா. கேள்வியா அவ கேக்கல. அந்த நேரத்துலயும் சத்தியம், சத்தியம்னு ஒண்ணு என் மண்டைக்குள்ள அடிச்சுக்கிட்டு இருந்துது. "நீ ஒண்ணும் சொல்லாண்டாம். அவன் சத்தியம் வாங்கியிருப்பான். சின்னதுலயே அவனுக்கு அதுதான வேலை, மிட்டாய் தின்னதை அம்மாட்ட சொல்லக்கூடாதுன்னு உன் கையைப் பிடிச்சு வாங்குவான்." கையை நீட்டி என் முட்டியில வச்சா. கை லேசா சூடா இருந்துது, காய்ச்சல் இருக்கும், தெர்மாமீட்டர் வைக்கணும்னு நினைச்சேன். எதிர்த்த வீட்டுல ஒருத்தன் டீ கிளாஸைக் கழுவி ஊத்தினான். அம்மா ஜன்னல்ல அந்த மஞ்சத் திரைச்சீலையைப் பாத்துட்டு, "மெஞ்ஞானபுரத்துக்கு நாளைக்குக் காலையில போவமா"ன்னா. எனக்கு வாய் அதுவா முந்திட்டு, "சொகமானபெறகு போவோம்னு சொன்னியேம்மா"ன்னேன். சொன்னபெறகுதான் என்ன சொல்லிட்டேன்னு தெரிஞ்சுது. அம்மா அதுக்குக் கோபப்படல. "இதைவிட சொகமா இனி எப்ப இருக்கப் போறேன்? இப்பம்னா பஸ்ஸுலேருந்து இறங்கி அவ வாசல் வரைக்கும் நடந்துருவேன்லா"ன்னா. நான் தலையை மட்டும் ஆட்டினேன், ஆட்டினதுல கண்ணுலேருந்து விழுந்துட்டு, ப்ரேக் டௌனுக்கு இனி மிக்ஸியை எழுத வேண்டாம். அம்மா முந்தானையால என் முகத்தைத் துடைச்சா, துடைக்கும்போதே, "காட்வின்ட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிராத, அவன் தாங்க மாட்டான், அவனுக்கு அல்சர்னே இருக்கட்டும், என் மேல சத்தியமாச் சொல்ல மாட்டேன்னு சொல்லு"ன்னா. சரின்னேன். இப்பம் அவ மேல ரெண்டு சத்தியம் ஆச்சு. பெறகு அவ தலைமாட்டுப் பக்கம் திரும்பி, சிவப்பா மினுங்குததைப் பாத்து, "அது இன்னும் ஓடுதா"ன்னா. "ஓடுது." "அய்ய, நான் அதைச் சொல்லலல்லா, உனக்கு மார்க்கு போயிருமே"ன்னு சொல்லிட்டு, கையை ஊணி மெதுவா நகந்து, போன் பக்கத்துல வாயைக் கொண்டு போய், தொண்டையைச் செருமிக்கிட்டு, "தேங்க்யூ சிஸ்டர்"னா.